மருதமலைச் சாலையும் கோபாலபுரமும்

கோவை அரசு சட்டக் கல்லூரி மருதமலைச் சாலையில் இருக்கிறது. ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகம் கோபாலபுரத்தில், கலெக்டர் அலுவலகத்துக்குப் பக்கத்தில். நடுவே வடவள்ளியும் லாலி ரோடும். படிக்கிற பிள்ளைகள் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கோட்டுமாக பஸ் ஏறிக் கோர்ட்டுக்குப் போவது வழக்கம்தான். பயிற்சிக்கு, பதிவேட்டில் கையெழுத்துக்கு, சீனியர் ஒருவரைப் பிடிப்பதற்கு. எதிர்த் திசையில் யாரும் போவதில்லை. வாய்தாவுக்கு வந்து நிற்கிற அன்னூர்க்காரரோ சூலூர்க்காரரோ, வந்ததுதான் வந்தோம், சட்டக் கல்லூரியில் ஒரு நீதியரசர் பேசுகிறாராம், கேட்டுவிட்டுப் போவோம் என்று நினைக்க வழியே இல்லை. அவருக்கு யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் அந்தப் பேச்சில் அவருடைய வழக்கு இருக்கப்போவதில்லை.

சட்டக் கல்லூரிகளும் சட்டப் பல்கலைக்கழகங்களும் ‘வரவிருக்கும் நிகழ்ச்சிகள்’ என்று வெளியிடும் பட்டியல்களை விடாமல் வாசிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு, செயற்கை நுண்ணறிவும் சட்டமும், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மூன்று குற்றவியல் சட்டங்கள், சமரசத் தீர்வு, நடுவே வேலைவாய்ப்பு வழிகாட்டல் என்று ஒரு நாள். தலைப்புகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1973-இன் கேசவானந்த பாரதி தீர்ப்பு தெரியாத ஒருவர் என் வழக்கை நடத்த வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் பட்டியலின் தலையில் இருக்கும் கல்லூரிப் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தால் அது கோவையா, போபாலா, புவனேஸ்வரமா என்று கண்டுபிடிக்க முடியாது.

வேலைவாய்ப்பு நாளிலும் இதே கதைதான். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் சிவில் நீதிபதி தேர்வைப் பற்றிச் சொல்வார்கள். உதவி அரசு வழக்கறிஞர் தேர்வைப் பற்றிச் சொல்வார்கள். பெங்களூரின் பெரிய சட்ட நிறுவனங்கள், கம்பெனிகளின் சட்டப் பிரிவு, வெளிநாட்டில் எல்.எல்.எம். எல்லாம் சரி. கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் போகப்போகிற வழி இது எதுவுமில்லை. ஒரு சீனியரின் அலுவலகத்தில் ஜூனியராகச் சேர்வதுதான் அவர்கள் வழி. அதை மட்டும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: முதல் சில வருடம் கொஞ்சம் கஷ்டம், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு கஷ்டம், எத்தனை வருடம் என்பதைத்தான் ஒரு முழு நாள் பேச வேண்டும். காலையில் கேஸ் கட்டுகளை எடுத்து வைத்து, கோர்ட் கோர்ட்டாக ஓடி வாய்தா வாங்கி, மாலையில் மனு டைப் செய்து, மாதக் கடைசியில் பெட்ரோலுக்கு வைத்துக்கொள் என்று கையில் கொடுக்கப்படும் சில தாள்கள். இதுதான் பல காலமாக ஜூனியரின் சம்பளம். இதைச் சம்பளம் என்று சொல்வதே மரியாதைக் குறைவு என்று கருதுகிற சீனியர்கள் இருக்கிறார்கள். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. சென்னை, மதுரை, கோவை நகரங்களில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற இடங்களில் 15,000 ரூபாய் உதவித்தொகை தரப்பட வேண்டும் என்றது. அடுத்த மாதம், ஜூலை 30 அன்று, உச்ச நீதிமன்றம் இன்னொன்று சொன்னது: வழக்கறிஞராகப் பதிவு செய்ய மாநில பார் கவுன்சில்கள் சட்டத்தில் உள்ள தொகைக்கு மேல் வாங்கக் கூடாது, பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். அதுவரை நாடெங்கும் பல ஆயிரங்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். சட்டத்தைக் காப்பதாகச் சொல்லும் தொழில், தன் வாசலிலேயே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தது என்பதை உச்ச நீதிமன்றம் கண்டுபிடிக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

இந்த இரண்டு உத்தரவுகளையும் வேலைவாய்ப்பு நாள் மேடையில் வாசித்துக் காட்டிவிட்டு, முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் சீனியர்களிடம், உங்கள் ஜூனியருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று ஒரு மாணவி எழுந்து கேட்டால் அதுவே அந்த வருடத்தின் சிறந்த மூட் கோர்ட்டாக இருக்கும். கேட்க மாட்டாள். அவர்களில் ஒருவரிடம்தான் அவள் வேலைக்குப் போயாக வேண்டும்.

கொங்கு நாட்டு கோர்ட்டுகளில் ஜூனியராக யார் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதைச் சட்ட அறிவு தீர்மானிப்பதில்லை. வீட்டில் தோட்டம் இருக்கிறதா, தறி ஓடுகிறதா, அப்பாவுக்கோ மாமனாருக்கோ வாடகை வருகிறதா என்பதே தீர்மானிக்கிறது. அதற்குள் ஒரு சாதிக் கணக்கு இருப்பதை விளக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே முதல் ஆளாகப் படித்து வந்த தலித் மாணவனும் நெசவாளர் மகளும் இரண்டாம் வருடம் ஏதாவது ஒரு கம்பெனியின் ஹெச்.ஆர். பிரிவுக்குப் போய்விடுகிறார்கள். பிறகு பாரில் பன்முகத்தன்மை ஏன் இல்லை என்று ஒரு சிறப்புச் சொற்பொழிவு நடக்கிறது.

கல்லூரிகள் மேடையில் காட்ட விரும்பும் முகங்களும் இந்த மண்ணில் உண்டு. பொள்ளாச்சிக்காரரான கே.வி. விஸ்வநாதன் கோவை சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பு முடித்து, 1988-இல் பதிவு செய்து, டெல்லிக்குப் போனவர். எந்த உயர் நீதிமன்றத்திலும் நீதிபதியாக இருக்காமல், 2023 மே 19 அன்று பாரிலிருந்து நேராக உச்ச நீதிமன்ற நீதிபதியானார். பணிமூப்பு வரிசை மாறாவிட்டால் 2030 ஆகஸ்டில் இந்தியாவின் தலைமை நீதிபதி. மருதமலைச் சாலையில் படித்த ஒருவர் அங்கே போய் உட்காரப்போகிறார் என்பது சின்ன விஷயமில்லை. பவானி பக்கம் காடப்பநல்லூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ப. சதாசிவம் 2013 ஜூலையில் தலைமை நீதிபதி ஆனதையும், ஈரோட்டில் பிறந்த எம்.எம். சுந்தரேஷ் 2021 முதல் உச்ச நீதிமன்றத்தில் இருப்பதையும் சேர்த்துக்கொண்டால், கொங்கு நாடு டெல்லிக்கு அனுப்பியது கணிசம்தான். போனவர்களைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கில்லை. சதாசிவம் அமர்வுதான் 2014 ஜனவரியில், முக்கியமாகக் கருணை மனுக்களை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்ட காரணத்தால் 15 பேரின் தூக்குத் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. அது டெல்லியில் இருந்தால்தான் செய்ய முடிகிற காரியம்.

அதே பவானியின் பெயரோடு அறியப்படும் இன்னொரு வழக்கறிஞரும் இருக்கிறார், ப.பா. மோகன். 2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குப் போன கோகுல்ராஜ் என்ற தலித் பொறியியல் பட்டதாரி கடத்தப்பட்டு, உடல் தண்டவாளத்தில் கிடைத்த வழக்கில் அவர் சிறப்பு அரசு வழக்கறிஞர். முக்கிய சாட்சி பிறழ்ந்த பிறகும், கோயில் கேமராப் பதிவுகளை வைத்து நடத்தப்பட்ட வழக்கு அது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளி யுவராஜ் உள்ளிட்டவர்களுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷும் ஆனந்த் வெங்கடேஷும் 2023 ஜனவரியில் தாங்களே திருச்செங்கோடு மலையேறி, கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்த்தார்கள். அந்த ஜூனில் தண்டனை உறுதியானது. சாட்சியச் சட்டம் படிக்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? மின்னணுச் சாட்சியம், பிறழ் சாட்சி, நீதிபதியின் நேரடிப் பார்வை எல்லாம் ஒரே வழக்கில். கோவையிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடலாம்.

இந்த வழக்கைப் பற்றி ஒரு பொதுச் சொற்பொழிவு வைத்தால் கூடம் நிறையும். ஆனால் வைக்கத் துணிவு வேண்டும். நன்கொடையாளர் யார், அழைப்பிதழில் பெயர் போட வேண்டிய உள்ளூர்ப் பிரமுகர் யார், கேட்க வரும் கூட்டத்தில் எந்தச் சாதிச் சங்கத்தின் துண்டு தெரியும் என்றெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டு, செயற்கை நுண்ணறிவே மேல் என்று முடிவு செய்கிறார்கள். செயற்கை நுண்ணறிவுக்கு இன்னும் சாதி இல்லை.

அதே திருச்செங்கோட்டுப் பக்கத்து எழுத்தாளர் ஒருவரின் வழக்கும் உண்டு. ‘மாதொருபாகன்’ நாவலுக்காகப் பெருமாள்முருகன் 2015 ஜனவரியில் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த ‘அமைதிப் பேச்சுவார்த்தை’க்கு அழைக்கப்பட்டார். அங்கே நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்திட்டு, பிறகு தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் கொடுத்த தீர்ப்பைக் கருத்துச் சுதந்திரத் தீர்ப்பு என்று எல்லோரும் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். எனக்கு அதில் ருசியாகப் படுவது இன்னொரு பகுதி. அந்தப் பேச்சுவார்த்தையில் எழுதி வாங்கியது யாரையும் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் சொன்ன இடம். வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் இரு தரப்பையும் உட்கார வைத்து எழுதி வாங்குவது நம் மாவட்டங்களில் அன்றாடம். கோயில் திருவிழா, பாதைத் தகராறு, சுடுகாட்டு வழி, தேர் ஓடும் தெரு என்று எல்லாம் அந்த மேஜையில்தான் முடிகிறது. இரண்டு தரப்பும் சமமாக இருப்பதாக அந்த மேஜை பாவனை செய்கிறது. எந்தச் சட்டப் பிரிவின் கீழ் அது போடப்பட்டிருக்கிறது என்று கேட்பவர் குறைவு. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த பிறகு அது எங்களைக் கட்டுப்படுத்துமா என்று தெரியாமல் காலம் தள்ளுகிற ஊர்கள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். அவர்களுக்காக ஒரு மாலை ஒதுக்கினால் போதும், நாற்காலி பற்றாது.

கல்லூரியே இல்லாத காலத்தில் இங்கே சட்டம் எப்படிப் படிக்கப்பட்டது என்பதற்கு சேலம் விஜயராகவாச்சாரியாரைச் சொல்லலாம். வகுப்புக்குப் போகாமல் தனியாகப் படித்துச் சட்டத் தேர்வு எழுதி, 1881-இல் வக்கீலானவர். மறு வருடமே சேலம் நகரசபை உறுப்பினர். அதே 1882-இல் சேலத்தில் நடந்த மதக் கலவரத்தைத் தூண்டியதாக அவர்மேல் வழக்குப் போட்டு, பத்தாண்டு தண்டனை விதித்தார்கள். உயர் நீதிமன்றத்தில் வாதாடி விடுதலையானார். பின்னால் 1920 நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியதெல்லாம் பெரிய வரலாறு. குற்றவாளிக் கூண்டில் நின்று சட்டம் கற்ற அந்த முதல் இரண்டு வருடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஊரின் சண்டைக்குள் தலைகொடுக்காமல் சட்டம் பிடிபடாது என்று அவர் காலத்து ஆட்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியிருக்கவில்லை.

கேட்க ஆளில்லை என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்தும் புத்தகத் திருவிழாவில், ஆகஸ்ட் மாத மாலைகளில், பேச்சைக் கேட்பதற்காக மட்டுமே ஆயிரக்கணக்கானவர்கள் வந்து உட்காருகிறார்கள். கடை அடைத்துவிட்டு வருகிற ஜவுளி வியாபாரி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிற அம்மா, பக்கத்து ஊர்களிலிருந்து வேன் வைத்து வருகிறவர்கள். அதை நடத்தும் த. ஸ்டாலின் குணசேகரன் தொழிலால் வழக்கறிஞர் என்பது தற்செயலாக இருக்கலாம். கேட்கிற பழக்கம் இந்த ஊருக்கு ஏராளமாக இருக்கிறது. இலக்கியம் கேட்கிறார்கள், ஆன்மிகம் கேட்கிறார்கள், தன்னம்பிக்கை கேட்கிறார்கள். (தன்னம்பிக்கையைக் கொஞ்சம் அதிகமாகவே கேட்கிறார்கள்.) தங்களைத் தினமும் ஆளுகிற சட்டத்தைப் பற்றி மட்டும் யாரும் அவர்களிடம் பேசுவதில்லை.

பேசுவதென்றால் எந்த மொழியில் என்ற கேள்வி வரும். கீழ்நிலை நீதிமன்றங்களில் தமிழில் வழக்கு நடத்தலாம், தீர்ப்பு எழுதலாம். உயர் நீதிமன்றத்தில் முடியாது. 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டுக் கேட்டும் கிடைக்கவில்லை. ஆக, கொங்கு நாட்டைப் பற்றிய முக்கியமான தீர்ப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நொய்யலை எடுத்துக்கொள்ளுங்கள். பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூரின் சாயக் கழிவு தேங்கியது. கீழே இருந்த ஆயக்கட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரில் சாய ஆலை உரிமையாளர்களின் மேல்முறையீட்டில் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது. ஒரே உத்தரவில் ஒரு நகரத்தின் தொழில் நின்றது. வேலை இழந்து ஊர் திரும்பியவர்களும், வயல் இழந்து திருப்பூருக்கே வேலைக்கு வந்திருந்தவர்களும் அந்தத் தீர்ப்பின் ஒரு வரியையும் தங்கள் மொழியில் படித்ததில்லை. யார் எதற்குப் பணம் கட்ட வேண்டும், இழப்பீடு எப்படிக் கணக்கிடப்பட்டது, ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற கொள்கை வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996-இல் எப்படி வேரூன்றியது என்று தமிழில் விளக்க ஒரு மேடை வேண்டும். அதை ஒரத்துப்பாளையத்திலேயே போடலாம்.

கெயில் குழாய் வழக்கும் உண்டு. ஏழு மேற்கு மாவட்டங்கள் வழியாக 310 கிலோமீட்டர் விளைநிலத்தில் எரிவாயுக் குழாய். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போங்கள் என்று தமிழக அரசு 2013-இல் சொன்னது. உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமும் 2016 பிப்ரவரி 2 அன்று மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் உங்களுடையதுதான், குழாய் போகும் பட்டையில் பயன்பாட்டு உரிமை மட்டும் அவர்களுடையது. அதற்கு இழப்பீடு சந்தை மதிப்பில் பத்து சதவீதம். மரம் வைக்கக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது. சொந்த நிலத்தின் மேல் இருக்கும் உரிமை எத்தனை துண்டுகளாகப் பிரிக்கப்படலாம் என்பதைச் சொத்துரிமைச் சட்டத்தின் முதல் வகுப்பிலேயே இந்த ஒரு வழக்கை வைத்துச் சொல்லிவிடலாம்.

நான் முதலில் வைக்கச் சொல்லும் சொற்பொழிவு மின்கோபுரத்தைப் பற்றியது. காங்கயம், பல்லடம், தாராபுரம் பக்கம் போனால் தோட்டம் தோட்டமாக உயர் அழுத்த மின்கோபுரங்கள் நிற்கின்றன. எந்த உரிமையில்? 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் உரிமையில். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164-ஆவது பிரிவு, தந்திக் கம்பம் நட வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்ட அதிகாரத்தை மின்கோபுரம் நடுகிறவருக்குக் கொடுக்க வழிசெய்கிறது. தந்தி 2013 ஜூலையோடு நின்றுபோனது. தந்திச் சட்டத்தையும் 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டம் ரத்து செய்தது. ஆனால் மின்பாதைக்கு வேண்டிய அதன் மூன்றாம் பகுதியை மட்டும் உயிரோடு வைத்துக்கொண்டது. தந்தி செத்து, சட்டமும் செத்து, தோட்டத்துக்குள் நுழையும் அதிகாரம் மட்டும் சாகாமல் நிற்கிறது. இதைக் கேட்டால் எந்த விவசாயியும் எழுந்து போக மாட்டார்.

அந்தப் பழைய சட்டத்திலேயே அவருக்கான ஒரு பிரிவும் இருக்கிறது. கொடுத்த இழப்பீடு போதவில்லை என்றால் 16-ஆவது பிரிவின்படி மாவட்ட நீதிபதியிடம் போகலாம். கோபுரத்தின் நான்கு கால்களுக்கு நடுவில் உள்ள இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழே உள்ள பட்டைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்று மத்திய மின்துறை 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2024 ஜூனில் அதை 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்த்தியது. மாநிலம் எதை, எந்தத் தேதியிலிருந்து கொடுக்கிறது என்பதில்தான் சண்டை. எல்லாம் எண், அளவு, தேதி. பேச்சுத் திறமையே தேவையில்லை.

இதற்கு நீதியரசர் வேண்டாம். 16-ஆவது பிரிவில் மனுப் போட்டு அலைந்த வக்கீல் ஒருவர், ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் போதும். காங்கயத்தில் முகூர்த்தம் இல்லாத நாளில் ஒரு கல்யாண மண்டபம். பேச்சு அரைமணி நேரம், மிச்சமெல்லாம் கேள்வி. “ஏனுங், கம்பிக்குக் கீழ இருக்கற கெணத்துல போர் மாட்டிக்கிச்சுன்னா வண்டியே நிறுத்த முடியாதுங்களே, அதுக்கு எந்தச் சட்டத்துலீங்க காசு?” என்று ஒருவர் கேட்பார். பாடப் புத்தகத்தில் பதில் இருக்காது. இறுதியாண்டு மாணவர்கள் ஒரு மேஜை போட்டு, ஒவ்வொருவரின் சர்வே எண், கோபுரக் கால் அளவு, வெட்டிய தென்னை எத்தனை, ஏற்கெனவே வாங்கிய தொகை எவ்வளவு என்று எழுதிக்கொள்ளட்டும். கல்லூரிகளில் இலவசச் சட்ட உதவி மையம் என்று பலகை மாட்டிய அறைகள் உண்டு. அந்த அறைக்கு அன்றுதான் வேலை வரும். மாணவர்கள் வக்காலத்தில் கையெழுத்துப் போட முடியாது, பதிவு பெற்ற வக்கீல் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அவரைச் சேர்த்துக்கொள்ளும் முன், ஜூனியருக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டுவிடலாம். கோவை என்றால் 20,000. காங்கயம் என்றால் 15,000.